ஓட்டிப் பார்க்காமல் நான்கு லட்சத்துக்கு ரோடு பைக் வாங்கலாமா?

உச்சிப்புளிப் பயணி

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே குடியிருக்கிறேன். பல வருடங்களாக ஒரே அலுமினிய ஃபிரேம் சைக்கிளை ஓட்டி வருகிறேன். விடுமுறை நாட்களில் பாம்பன் பாலம் ஏறி, ராமேசுவரம் தாண்டி, அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவேன். மற்ற நாட்களில் தேவிபட்டினம் பக்கம் அல்லது திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி.

இப்போது நல்ல கார்பன் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். நான்கு லட்சம் ரூபாய் வரை போகலாம். ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7, டிரெக் டோமானே எஸ்எல் இரண்டிலும்தான் மனம் நிற்கிறது. உயரம் 174 செ.மீ.; இரண்டிலும் 54 அளவு ஃபிரேம் பொருந்தும் என்கிறார்கள். ஆனால் மதுரையில் நான் விசாரித்த கடையில் இரண்டுமே இருப்பில் இல்லை. முன்பணம் கட்டினால் வரவழைத்துத் தருவார்களாம். வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பாது. ஓட்டிப் பார்க்க எந்த வழியும் இல்லை.

இந்த நிலையில் எதை வைத்து முடிவெடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக் கரை

வாங்காதீர்கள். நான்கு லட்சம் சிறிய தொகை இல்லை. ஒரே அளவு, ஒரே விலை என்றாலும் ஒரு சைக்கிள் வளைவில் தானாக இறங்கும், இன்னொன்று அடம் பிடிக்கும். அதை எந்த அட்டவணையும் சொல்லாது. சென்னையிலோ கோவையிலோ இந்த இரண்டையும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சைக்கிள் குழுக்களில் கேட்டுப் பாருங்கள், ரயில் ஏறிப் போய் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு இந்தத் தொகையில் ஒரு மூலைக்குக் கூட வராது.

சேதுக்கரை

தொண்டித் தம்பியின் அக்கறை நியாயமானது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். கடை வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் சீட் உயரம் நமக்கானதாக இருக்காது. டயரில் யாரோ அடித்து வைத்த காற்று இருக்கும். புதிய கார்பன் சைக்கிளில் ஏறிய உற்சாகமே பாதி வேகத்தைக் கொடுத்துவிடும். முதுகு வலிப்பதும், கை மரத்துப்போவதும், கழுத்து பிடித்துக்கொள்வதும் இரண்டாவது மணி நேரத்தில்தான் தெரியும். அடுத்தவர் சைக்கிளை ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அவருடைய ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்கி முன்னால் நீளும் துண்டு), அவருடைய சீட், அவருடைய ஹேண்டில்பார் அகலத்தைத்தான் நீங்கள் ஓட்டுகிறீர்கள்.

உச்சிப்புளித் தம்பி, பல வருடமாக ஓட்டிய ஒரு சைக்கிள் உங்களிடம் இருக்கிறது. உங்கள் உடம்பு பழகிய அளவெல்லாம் அதில்தான் பதிந்திருக்கிறது. அதை அளந்து எடுங்கள். பிறகு புதிய ஃபிரேமின் எண்களோடு ஒப்பிடுங்கள்.

பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். பெடல் கைகள் சுற்றும் அச்சின், அதாவது கிராங்க் அச்சின், மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். 54, 56 என்ற அளவெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதை நம்ப வேண்டாம். டார்மாக் எஸ்எல்7 54 அளவில் ஸ்டாக் 544 மி.மீ., ரீச் 384. டோமானே எஸ்எல் 54 அளவில் ஸ்டாக் 575, ரீச் 374. ஒன்று முன்னால் தாழ்ந்து நீண்டது, மற்றொன்று உயர்ந்து குறுகியது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஹெட் டியூப் நேராக நிற்பதில்லை, சுமார் 71 முதல் 73 டிகிரியில் பின்னால் சாய்ந்து நிற்கிறது. அதனால் ஸ்டெம்முக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) வைத்தால் ஹேண்டில்பார் உயர்வதோடு சுமார் 3 மி.மீ. பின்னாலும் வருகிறது. டார்மாக்கில் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 573, 375 ஆகிவிடும். ஸ்பேசரே இல்லாத டோமானே நிற்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். உட்காரும் நிலை ஒன்றே என்றால், பிறகு தேர்வு செய்ய வேண்டியது வேறு விஷயங்களை வைத்து. ஆனால் ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூபுக்குள் மேலே வரும் கார்பன் ஸ்டீயரர் குழாயில் ஸ்பேசரை இஷ்டத்துக்கு அடுக்க முடியாது. எவ்வளவு வரை போகலாம் என்று ஒவ்வொரு கையேட்டிலும் எழுதியிருக்கும். அந்த வரம்பைத் தொட்டால்தான் உட்கார முடியும் என்றால் அந்த ஃபிரேம் உங்களுக்கானதல்ல.

உச்சிப்புளிப் பயணி

மிக்க நன்றி அண்ணன். என்னுடைய பழைய சைக்கிளின் நிறுவனம் இந்த அளவுகளை எங்கேயும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. நானே வீட்டில் அளக்க முடியுமா?

சேதுக்கரை

தாராளமாக. தெரிந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமமான தரையில், சுவரை ஒட்டிச் சைக்கிளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தரை சமமா என்று ரசமட்டத்தை வைத்து முதலில் பாருங்கள். நம் வீட்டுத் திண்ணைகளெல்லாம் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும். கிராங்க் அச்சின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். பிறகு ஹெட் டியூபின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டாக். அடுத்து, தூக்குக்குண்டின் நூல் கிராங்க் மையத்தைத் தொட்டு நிற்கும்படி தொங்கவிட்டு, அந்த நூலிலிருந்து ஹெட் டியூபின் மேல்முனை நடுவரை கிடைமட்டமாக அளந்தால் ரீச். சீட்டின் முனை அந்த நூலுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். இருவராகச் செய்தால் நல்லது. இப்போது எத்தனை மி.மீ. ஸ்பேசர் போட்டிருக்கிறீர்கள், ஸ்டெம் எவ்வளவு நீளம் என்பதையும் எழுதுங்கள்.

மதுரை அளவுநாடா

நான் பிசியோதெரபிஸ்ட், வார இறுதியில் நானும் ஓட்டுவேன். அண்ணன் சைக்கிளை அளக்கச் சொல்லிவிட்டார். நான் உடம்பை அளக்கச் சொல்கிறேன்.

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்தும் அளவுக்கு மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு வரை தரையிலிருந்து வரும் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால் கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை தொடக்க உயரம் கிடைக்கும். 81 செ.மீ. என்றால் 71.5. தொடக்கம் என்றுதான் சொல்கிறேன். பாதத்தின் நீளம், ஷூ, இடுப்பின் இளக்கம் இவற்றைப் பொறுத்துச் சில மி.மீ. மாறும்.

அதைவிட முக்கியமாக எனக்குச் சில பதில்கள் வேண்டும். அரிச்சல்முனை போய்த் திரும்பும்போது முதலில் எந்த இடம் வலிக்கிறது? நீங்களே அறியாமல் கைகள் எங்கே போகின்றன? எப்போதும் ஹேண்டில்பாரின் மேல்பகுதியையே பிடித்திருந்தால் இப்போதைய நிலையே உங்களுக்கு நீளம் என்று பொருள். பிரேக் லீவரின் கொம்பைத் தாண்டி முன்னால் பிடிக்கத் தோன்றினால் குறுகல். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் கையில் பாரம் அதிகம் இறங்குகிறது. இதையெல்லாம் புதிய சைக்கிளை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை, பழைய சைக்கிளே சொல்லிவிடும்.

முட்டி மடக்காமல் நின்று குனிந்தால் விரல் எங்கே தொடுகிறது என்றும் பாருங்கள். பாதத்தைத் தொட முடியாமல் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டால் டார்மாக் மாதிரித் தாழ்ந்த ஃபிரேமை எடுத்து உடம்பைத் தண்டிக்க வேண்டாம். சென்னை, கோவை, பெங்களூரு போகும் வேலை இருந்தால், ஓட்டிப் பார்க்க அலைவதைவிட அந்தப் பணத்தில் ஒரு பைக் ஃபிட் (உடம்புக்கு ஏற்றபடி சைக்கிள் அளவுகளைக் கணித்துத் தருவது) செய்துகொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் அளவுத்தாள் அடுத்து வாங்கும் எந்தச் சைக்கிளுக்கும் பயன்படும்.

தொண்டிக் கரை

உட்காரும் நிலை பற்றிச் சொன்னதையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் நம் கரையில் ஓட்டுபவருக்கு உட்காரும் நிலை மட்டும் போதாது. காற்று இருக்கிறதே!

வைகாசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான், அந்தத் தென்மேற்குக் காற்று, எப்படி அடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தனுஷ்கோடிச் சாலையில் போகும்போது வலப்பக்கம் மோதும், திரும்பும்போது இடப்பக்கம். ஐப்பசிக்குப் பிறகு வாடை அதை அப்படியே மாற்றி அடிக்கும். 2017இல் திறந்த அந்த முகுந்தராயர் சத்திரம் – அரிச்சல்முனைச் சாலையில் ஒதுங்க மரமும் கிடையாது, சுவரும் கிடையாது. பாம்பன் பாலத்தில் இன்னும் மோசம். சுற்றுலாப் பேருந்து ஒன்று பக்கத்தில் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். நாம் காற்றுக்கு எதிராகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் பேருந்தின் பக்கமே இழுக்கும். பேருந்து தாண்டியதும் காற்று திரும்ப அறையும். அந்த நேரத்தில் சைக்கிள் கையில் எப்படி நிற்கிறது என்பதை எண்ணில் எப்படிப் பார்ப்பது? அதனால்தான் ஓட்டிப் பாருங்கள் என்றேன்.

சேதுக்கரை

நல்ல கேள்வி. பாலத்தில் நானும் அதை அனுபவித்திருக்கிறேன். ஆனால் தம்பி, சென்னையில் யாருடைய சைக்கிளையோ ஓட்டிப் பார்த்தால் பாம்பன் காற்று அங்கே வராது. அங்கே அருமையாக இருந்த சைக்கிள் இங்கே தள்ளாடலாம்.

பக்கக் காற்றில் சைக்கிளைத் திருப்புவது பெரும்பாலும் முன்சக்கரத்தின் ரிம் ஆழம், அதாவது டயர் ஓரத்திலிருந்து ஸ்போக் வரை ரிம்மின் உயரம். 50 மி.மீ. ஆழ கார்பன் ரிம் பார்க்க அழகு, நேர்க்காற்றில் வேகமும் கூட. ஆனால் பக்கத்திலிருந்து வரும் காற்று அந்தப் பரப்பைப் பிடித்து ஹேண்டில்பாரையே திருப்பும். நம் கரைக்கு முன்சக்கரத்தில் 30, 35 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்பேன். பின்சக்கரம் ஹேண்டிலோடு திரும்புவதில்லை, அங்கே கொஞ்சம் ஆழம் இருந்தால் பாதகமில்லை. கிராங்க் மையத்திலிருந்து பின்சக்கர அச்சு வரை போகும் பின்தண்டு டோமானேயில் 420 மி.மீ., டார்மாக்கில் 410. நீளமான சைக்கிள் நேர்க்கோட்டில் நிதானமாக நிற்கும். நாம் இங்கே ஓட்டுவது பெரும்பாலும் நேர்க்கோடுதான்.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் முதலில் பேசுவது அதைத்தான். நம் மாவட்டக் கரையில் ஏற்றம் என்று சொல்லப் பாம்பன் பாலத்தின் முதுகைத் தவிர என்ன இருக்கிறது? சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது கூடுதலாக ஒரு கிலோ இருந்தால் அதற்காகச் செலவாவது அரை வாட் கூட இல்லை. கொடைக்கானல் ஏறுபவருக்குத்தான் அந்தக் கிலோ முக்கியம். ஆனால் 25 கி.மீ. வேகத்தில் போகும் நம் முகத்தில் 20 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், காற்றின் தடை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். எடையைக் குறைக்க ஒரு லட்சம் கூடக் கொடுப்பதைவிட, எதிர்க்காற்றில் குனிந்து ஒரு மணி நேரம் வலியின்றி உட்காரும்படியான ஃபிரேம் வாங்குவது மேல்.

"குனிய வேண்டும் என்றால் தாழ்ந்த டார்மாக்தானே" என்று கேட்கலாம். ஹேண்டில்பார் தாழ்ந்திருந்து முழங்கையை நீட்டிப் பூட்டி உட்கார்ந்தால் மார்பு முழுவதும் காற்றில்தான் இருக்கும். ஹேண்டில்பார் இரண்டு விரல் உயர்ந்திருந்தாலும் முழங்கையை மடக்கிப் படிந்து உட்கார்பவர் மேல் காற்று குறைவாகவே மோதும். உடம்பால் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்பதுதான் கேள்வி.

பரமக்குடி ஸ்பேனர்

எல்லாரும் ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், பிரித்து மாட்டுபவன் பக்கத்தையும் கேளுங்கள். உப்புக்காற்றில் ஓடும் சைக்கிளை நான் திறந்து பார்க்கிறேன். ஃபிரேம் கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அதில் உள்ள போல்ட், பேரிங், ஸ்போக் நிப்பிள் எல்லாம் உலோகம். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளை மாவு மாதிரிப் பூத்து, பாகம் உள்ளேயே இறுகிவிடும்.

இப்போது வரும் உயர்விலைச் சைக்கிள்களில் பிரேக் குழாய்கள் ஹெட்செட் (ஹெட் டியூபில் உள்ள பேரிங் தொகுதி) வழியாக ஃபிரேமுக்குள் போகின்றன. அந்த மேல் பேரிங்குக்குள்தான் வியர்வையும் உப்பும் இறங்கும். போன மாதம் மண்டபத்திலிருந்து வந்த ஒரு சைக்கிளில் மேல் பேரிங்கைக் கையில் எடுத்ததும் குண்டுகள் பழுப்புப் பொடியோடு உதிர்ந்தன. அந்தப் பேரிங் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் சில மாடல்களில் அதை மாற்ற ஹைட்ராலிக் பிரேக் குழாயைக் கழற்றி, மறுபடி எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்டெம் நீளத்தை மாற்றக் கூட அதே பாடு. ஓட்டிப் பார்க்காமல் வாங்குபவர் பிறகு ஸ்டெம்மை மாற்றும் வாய்ப்பு அதிகம். அதனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: குழாயைக் கழற்றாமல் ஸ்டெம் மாற்றலாமா? மாற்று ஸ்டெம் எந்தெந்த நீளத்தில் கிடைக்கும்? பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சரியான நீளம் போட்டுத் தருவார்களா?

நீங்கள் சொன்ன இரண்டிலும் கிராங்க் பேரிங் மரை போட்டுத் திருகும் வகை. டார்மாக் எஸ்எல்7இல் பிஎஸ்ஏ, டோமானேயில் டி47. அது நல்ல செய்தி. தட்டி இறக்கும் பிரஸ்-ஃபிட் வகையானால் மணலும் உப்பும் புகுந்து சத்தம் போட ஆரம்பிக்கும்.

பிரேக் எண்ணெயையும் பாருங்கள். ஷிமானோ நிறுவனப் பிரேக்கில் கனிம எண்ணெய், ஈரத்தை இழுக்காது. ஸ்ராம் நிறுவனச் சாலைச் சைக்கிள் பிரேக்கில் டாட் வகை எண்ணெய், அது காற்றின் ஈரத்தை இழுக்கும், காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் டாட் எண்ணெய் ராமநாதபுரத்தில் எந்த மோட்டார் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும், ஷிமானோ எண்ணெயை வரவழைக்க வேண்டும். ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் போய்விடும். எது வாங்கினாலும் ஒரு பாட்டில் வீட்டில் இருக்கட்டும்.

கீழக்கரை மரைக்கான்

அஸ்ஸலாமு அலைக்கும் சேதுக்கரை காக்கா. எங்கள் வீட்டில் பாதிப் பேர் துபாயில்தான். அங்கே கடைகளில் எல்லா அளவும் இருக்கும். ஊருக்கு வரும் யாரிடமாவது சொல்லி அனுப்பினால் விலையும் குறையாதா?

சேதுக்கரை

வ அலைக்குமுஸ்ஸலாம். விலை குறையலாம், சுங்க வரியையும் விமானப் பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எனக்கு அதைவிட உறுத்துவது உத்தரவாதம். ஃபிரேம் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவர் பெயருக்குத்தான். வேறு நாட்டில் வாங்கிய சைக்கிளை இங்குள்ள கடை தன் வேலையாக எடுத்துச் செய்யுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டார் ஒருவர் அங்கே ஓட்டிப் பார்த்து அவருக்குப் பிடித்துவிட்டது என்பதால் நமக்குப் பொருந்திவிடாது.

இங்கே வாங்குபவர்களுக்கும் ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேட்கத் தயங்க வேண்டாம்.

மதுரை அளவுநாடா

டயரைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிப் பேசாமல் சைக்கிள் வாங்குவதா?

பரமக்குடி ஸ்பேனர்

சரியாகப் பிடித்தீர்கள் அக்கா. சாலையோரம் வெட்டிப் போட்ட விறகிலிருந்து உதிர்ந்த முள் மெல்லிய ரோடு டயரை ஊசி மாதிரித் துளைத்து, உள்ளேயே முறிந்து நிற்கும். டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். இங்கே டியூப்லெஸ் டயரும் சீலண்ட்டும் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்)தான் தீர்வு. நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். டார்மாக் எஸ்எல்7இல் 32 மி.மீ. வரை டயர் போகும், டோமானேயில் 38 வரை. தனுஷ்கோடிச் சாலையில் காற்று கொண்டுவந்து போடும் மணலில் 32 மி.மீ. டயர் 28ஐவிடப் பிடிப்பாக இருக்கும். ரிம் ஹூக் (டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு) இல்லாத வகை என்றால் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கவே கூடாது. பெட்ரோல் பங்க்கில் அடிக்காதீர்கள், மீட்டர் உள்ள பம்ப் வாங்குங்கள்.

உச்சிப்புளிப் பயணி

அளந்துவிட்டேன். தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு எடுத்தேன். ஸ்டாக் 560, ரீச் 378, ஸ்பேசர் 25 மி.மீ., ஸ்டெம் 100. கால் அளவு 81 செ.மீ. வருகிறது. அக்கா கேட்டதற்குப் பதில்: திரும்பி வரும்போது கழுத்து லேசாகப் பிடிக்கும், கை மரத்ததில்லை, கைகள் பெரும்பாலும் பிரேக் கொம்பின் மேல்தான் இருக்கும். குனிந்தால் விரல் கணுக்கால் வரை போகிறது.

சேதுக்கரை

அருமை. 25 மி.மீ. ஸ்பேசரைச் சேர்த்தால் உங்கள் ஸ்டெம் நிற்கும் இடம் 584 உயரம், 371 நீளம். டோமானே 54இல் 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 584, 371. அப்படியே வந்து உட்கார்கிறது. டார்மாக்கில் அதே இடத்துக்கு வர 40 மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் அடுக்க வேண்டும். அதைச் செய்யாதீர்கள். கழுத்து ஏற்கெனவே பிடிக்கிறது என்றால் இதைவிடத் தாழ்ந்து போகவும் வேண்டாம்.

மதுரை அளவுநாடா

நானும் அதையே சொல்கிறேன். கை மரக்கவில்லை, கொம்பில் இயல்பாகத் தங்குகிறது என்றால் இப்போதைய நீளம் உங்களுக்குச் சரி. பழைய ஹேண்டில்பாரின் அகலத்தையும், அது முன்னால் நீளும் அளவையும் புதியதோடு ஒப்பிடுங்கள். அங்கே 10 மி.மீ. கூடினால் இவ்வளவு கணக்குப் போட்டதும் வீண். பழைய சீட் உடம்புக்குப் பழகியிருந்தால் அதையே கழற்றி மாட்டுங்கள், புதியது அலமாரியில் இருக்கட்டும்.

தொண்டிக் கரை

இந்த எண்களைப் பார்த்த பிறகு நானும் டோமானேதான் என்பேன். ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் இந்த அளவு வேலை செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார் என்று சொல்ல மாட்டேன். முன்சக்கர ரிம் ஆழத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சாலை சமதளம் என்பதால் கேசட் (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதி) 11-30, அதாவது 11 பல்லிலிருந்து 30 பல் வரை, கிடைக்குமா என்றும் கேளுங்கள். 11-34இல் ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி பெரிது, எதிர்க்காற்றில் ஒன்று கனமாக இருக்கும், அடுத்தது காலுக்குக் காற்றாகப் போகும்.

உச்சிப்புளிப் பயணி

கடைக்காரரிடம் பேசிவிட்டேன். டோமானே எஸ்எல், 54 அளவு, 100 மி.மீ. ஸ்டெம், ரிம் ஆழம் 35க்குள், 32 மி.மீ. டியூப்லெஸ் டயர். எல்லாவற்றையும் ஆர்டர் ரசீதிலேயே எழுதித் தரச் சம்மதித்தார். கேசட்டை மாற்றித் தர முடியாது, தனியாக வாங்க வேண்டுமாம், அது பிறகு. முன்பணம் திங்கட்கிழமை கட்டுகிறேன். பெட்டி வந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பரமக்குடி ஸ்பேனர்

பெட்டியைக் கடையில் உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றா பாருங்கள். வெளிச்சத்தில் வைத்து, பின்தண்டுகளிலும் ஃபோர்க் நுனியிலும் பெயின்டில் கீறலோ நசுங்கலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பெட்டி இடிபடுவது அங்கேதான். ஹெட் டியூபில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். ஸ்டீயரர் குழாயை அவசரப்பட்டு வெட்ட விடாதீர்கள். ஸ்டெம்முக்கு மேலேயும் கொஞ்சம் ஸ்பேசர் வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள், உயரம் உறுதியான பிறகு வெட்டலாம். ஸ்டெம், சீட் போஸ்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து, பாகத்தின் மேல் அச்சிட்ட நியூட்டன் மீட்டர் அளவுக்கே முறுக்கச் சொல்லுங்கள். மேல் பேரிங்கைத் திறந்து கிரீஸ் நிறைய வைத்து மூடச் சொல்லுங்கள். அதைக் கடையில் செய்யத் தயங்கினால் நேராகப் பரமக்குடிக்குக் கொண்டுவாருங்கள், நான் செய்து தருகிறேன்.